அம்மா ஏறினால் மட்டும் நின்றுபோகும் ஏசி

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் பெரியம்மா வீட்டு மலை தெரியும். வீடு தெரியாது. அது மலைக்கு அந்தப் பக்கம், போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை போகிற சாலையில், ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பெரியம்மா கல்யாணமாகி அங்கே போனபோது அம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ நல்லது கெட்டது நடந்துவிட்டது. அம்மா எதற்குமே போனதில்லை. அக்கா தங்கைக்குள் சண்டை எதுவும் கிடையாது. மலை ஏறினால் அம்மாவுக்கு வாந்தி வரும், அவ்வளவுதான்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் வளைவு வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள். முன்னால் போகிற ஜீப்பின் புகை மூக்கில் ஏறியதும் பேச்சு நிற்கும். அடுத்த வளைவில் முகம் வெளுக்கும். அதற்கடுத்ததில் பஸ்சை நிறுத்தச் சொல்வாள். ஒரு முறை நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் இருவரையும் புலியூத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுவிட்டு பஸ் போய்விட்டது. கீழே இறங்குகிற ஒரு லோடு வண்டியைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா, மாத்திரை, வெறும் வயிறு, நிறைந்த வயிறு என்று யார் யாரோ சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. கடைசியில் பெரியம்மாதான் இறங்கி வரப் பழகிக்கொண்டாள். போடிக்கு ஏலக்காயை விலைக்குப் போட வரும்போதெல்லாம் சிலமலைக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவாள். தன் அக்காவின் அடுப்பங்கரை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது.

அந்தப் பெரியம்மா பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினாள். சித்திரையில் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. பால் காய்ச்சும் பானையைப் பிறந்த வீட்டிலிருந்து ஒருவர் கையில் ஏந்திக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் தம்பி இருந்தால் அது அவர்கள் சோலி. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் உடன்பிறந்த ஆண் இல்லை. அவர்களைப் பெற்றவர்களும் இப்போது இல்லை. பெரியம்மாவின் பிறந்த வீடு என்று உலகத்தில் மிச்சமிருப்பது அம்மா ஒருத்திதான். தேதி குறித்த அன்றே அம்மா போடிக்குப் போய் ஒரு பித்தளைப் பானை வாங்கி வந்துவிட்டாள். எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

நான் யோசித்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு பம்பு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே என்னுடன் வேலை பார்த்தவர் வெளிநாடு போகும்போது தன்னுடைய ஹைபிரிட் காரை விற்றார். எனக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு விஷயம் பிடித்திருந்தது. சாதாரணக் காரில் ஏசி என்ஜினை நம்பி ஓடும். ஏற்றத்தில் என்ஜின் திணறினால் குளிரும் திணறும். இதில் என்ஜினோடு பின் சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய பேட்டரியும் உண்டு. ஏசி அந்தப் பேட்டரியில் ஓடுகிறது. என்ஜின் அணைந்து கிடந்தாலும் குளிர் நிற்காது. கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்றை அடைத்து, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிட்டால் எந்த ஜீப்பின் புகையும் அம்மாவின் மூக்குக்கு வராது. இதுதான் என் திட்டம். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அந்தக் கார்.

கார் சிலமலைக்கு வந்த அன்று டீக்கடையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்களாம். பாதி கரண்டு, பாதி பெட்ரோல் என்கிறாயே, நடுரோட்டில் கரண்டு போனால் என்ன செய்வாள் உன் மகள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "அதுக்குத்தான் உள்ள இன்வெர்ட்டர் வச்சிருக்கு"ன்னு அடித்துவிட்டேன் என்று அப்பா வந்து பெருமையாகச் சொன்னார். அந்த வண்டியில் உண்மையிலேயே இன்வெர்ட்டர் என்று ஒரு பாகம் உண்டு என்று நான் சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அன்று மாலை மறுபடி டீக்கடைக்குப் போனார்.

தேனி வரைக்கும் ஒரு வெள்ளோட்டம் விட்டோம். அம்மா முன் சீட்டில் சால்வை போர்த்திக்கொண்டு வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அம்மா ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். வாந்தியின் அறிகுறியே இல்லை. மலைதான் பாக்கி.

முதல் மலைப் பயணத்துக்கு அம்மா தன் வழியில் ஆயத்தமானாள். முன் சீட்டில் உட்கார்ந்தால் வளைவு ஒவ்வொன்றும் முகத்தில் வந்து விழுகிறது என்பதால் பின்னால் படுத்துக்கொள்வதாக முடிவு. மடியில் எலுமிச்சம்பழம். கைக்கெட்டுகிற இடத்தில் பாலிதீன் பைகள். சீட்டின்மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நாலாக மடித்த ஜமுக்காளம். சீட்டுத் துணியில் ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியாதபடி நுனிகளைக் கதவோரம் வரைக்கும் இழுத்துச் செருகியிருந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

முந்தல் தாண்டினோம். முதல் வளைவு போனது. அம்மா பேசிக்கொண்டே வந்தாள். இரண்டாவதும் போனது. மூன்றாவதுக்குப் பக்கத்தில் என் முகத்தில் பட்ட காற்று மாறியது. குளிர் குறைந்தது. காற்றின் வேகம் அப்படியே இருந்தது, ஆனால் அது யாரோ எதிரில் நின்று மூச்சு விடுவதுபோல் வந்தது. கண்ணாடியை இறக்க வேண்டியதாயிற்று. இறக்கியதும் முன்னால் போன ஜீப்பு தன் பங்கை உள்ளே அனுப்பியது. அதன் பிறகு நடந்தது வழக்கமாக நடப்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜமுக்காளத்தைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு எதையும் வரிசை போட்டால்தான் மனம் அடங்கும். ஏசியில் குளிர் குறைந்தால் பார்க்க வேண்டியவை: உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர், குளிர்விக்கும் கேஸ், முன்பக்கம் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர், கம்ப்ரசர், கடைசியாக மின்சாரம். எளிதானதில் தொடங்குவது என் பழக்கம். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்தால், அதில் காய்ந்த இலையும் தூசியும் ஒரு சிறிய எருக்குழி அளவுக்கு இருந்தன. புது ஃபில்டர் போட்டேன். காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று மத்தியானம் இரண்டு முறை சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் தனியாக மலை ஏறினேன். அடிவாரத்திலிருந்து போடிமெட்டு வரைக்கும் விரல் நுனி மரத்துப்போகிற அளவுக்குக் குளிர். மேலே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒரு டீ குடித்துவிட்டு வெற்றியோடு இறங்கினேன்.

அடுத்த வாரம் அம்மாவை மறுபடி ஏற்றினேன். அதே மூன்றாவது வளைவுக்குப் பக்கத்தில் அதே வெந்நீர் மூச்சு.

போடியில் கார் ஏசி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கேஸின் அழுத்தத்தை அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. கண்டென்சரில் தண்ணீர் அடித்துக் கழுவினார். பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடியாக ஒரு வயர் ஓடுவதைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். பேட்டரியிலிருந்து கம்ப்ரசருக்குப் போகிற உயர் மின்னழுத்த வயர், அதைத் தொடக் கூடாது என்று சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இதுக்கு மேல நான் வேடிக்கை மட்டும் பாக்குறேன் தங்கச்சி. வீட்ல போயி எம்பொஞ்சாதிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வேணா தொடுறேன்."

"என்னண்ணே சொல்லுவாக?"

"தொடுன்னு சொல்லிட்டாத்தான் பயம்."

மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பாகங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றார்கள். ஒன்று மட்டும் கிடைத்தது. பேட்டரி அளவுக்கு மேல் சூடானதாக வண்டி தன் நினைவில் இரண்டு முறை குறித்து வைத்திருந்தது. இரண்டும் நாங்கள் மலையேறிய நாட்கள். எனக்குப் பாதி விளங்கியது. பேட்டரி சூடானால் வண்டி முதலில் அதைக் காப்பாற்றத்தான் பார்க்கும். அதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும். குறைக்கும்போது ஏசிக்குப் போகிற பங்கில் கை வைக்கும். ஆக ஏசியில் கோளாறு இல்லை. பேட்டரிக்குத்தான் வேர்க்கிறது. அது ஏன் அம்மா ஏறினால் மட்டும் வேர்க்கிறது என்பது விளங்கவில்லை.

அந்தப் பேட்டரியும் நம்மைப்போல்தான், காருக்குள் இருக்கிற குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் தன்னை ஆற்றிக்கொள்கிறது. பின் சீட்டின் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில், சீப்புப் பல் போலக் கம்பிகள் வைத்த ஒரு சின்ன சன்னல் உண்டு. அதற்குள் ஒரு மின்விசிறி சுழன்று காற்றை உறிஞ்சும். அந்தச் சன்னலை நானே பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சர்வீஸ் சென்டரிலும் ஒரு முறை செய்தார்கள். பின் சீட்டில் ஓர் ஆளின் பாரம் இருப்பதுதான் காரணமோ என்று அப்பாவைப் படுக்கவைத்து ஏற்றிப் பார்த்தேன். அவர் முந்தலிலேயே குறட்டை விடத் தொடங்கி, போடிமெட்டில் நான் எழுப்பும் வரை விட்டார். வண்டி குளிர்ந்தபடியே ஏறியது. அம்மாவைவிட அப்பா கனம் வேறு.

இறங்கி வந்ததும் அப்பா தன் முடிவை அறிவித்தார். "ஒங்க அக்கா வீட்டுக்குப் போறதுல காருக்கும் இஷ்டமில்ல போலருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பெரியம்மாவுக்கு போன் போட்டாள். இந்தத் தடவையும் தன்னால் முடியாது, பானையை மகளிடம் கொடுத்துவிடுகிறேன், பிறந்த வீட்டு மகள்தானே, அவளே ஏந்தட்டும் என்றாள். பெரியம்மா கோபித்துக்கொள்வாள், நாலு வார்த்தை திட்டுவாள், தானும் திரும்பத் திட்டலாம் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா திட்டவில்லை. பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்பாவிடம்தான் சொன்னாள்.

"பரவால்லன்னு சொல்லிட்டாய்யா எங்கக்கா."

அதற்குப் பிறகு பானையை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து முடித்துவிட்டு, வாந்தி எடுத்துச் செத்தாலும் அக்கா வாசலில்தான் சாவேன், வண்டியை எடு என்றாள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் பெரியம்மா மகன் காய்கறி வாங்க போடிக்கு இறங்கியிருந்தார். எனக்கு அண்ணன் முறை, மலையில் ஜீப்பு ஓட்டுகிறவர். காய்கறியை வேறொரு ஜீப்பில் ஏற்றிவிட்டு எங்களோடு வந்தார். நீ பின்னால் உட்கார்ந்து சித்தியைப் பிடித்துக்கொள், நான் ஓட்டுகிறேன் என்றார். அப்பா முன் சீட்டில் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். பின்னால் வழக்கம்போல விரிப்பு, அதன்மேல் ஜமுக்காளம். அந்த வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. அம்மா என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். பேட்டரியின் சூட்டைக் காட்டும்படி என் போனை வண்டியோடு இணைத்து வைத்திருந்தேன். முந்தல் வரைக்கும் எண் மெதுவாக ஏறியது. வளைவுகள் தொடங்கியதும் வெரசா ஏறியது. குளிர் குறையத் தொடங்கியது. அம்மா பேச்சை நிறுத்தினாள்.

அவள் தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொடுக்கலாம் என்று கதவுப் பக்கம் நகர்ந்தபோது, என் கை சீட்டின் ஓரத்தில் பட்டது. ஜமுக்காளத்தின் நுனி அங்கே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. உள்ளே குழிந்து, விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பலமாக இழுத்தேன். அடியில் இருந்த பிளாஸ்டிக் விரிப்பு சடக்கென்று விடுபட்டது. சீப்புச் சன்னல் திறந்து, மின்விசிறி பெருமூச்சு விடுவதுபோல ஒரு பெரிய இரைச்சல் காருக்குள் எழுந்தது.

நான் தனியாக வந்தபோதும், அப்பா படுத்து வந்தபோதும், சர்வீஸ் சென்டரில் சோதித்தபோதும் அந்த விரிப்பும் ஜமுக்காளமும் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அண்ணனிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். வளைவில் கொஞ்சம் அகலமான இடத்தில் நிறுத்தினார். நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அப்பாதான். சிரிப்பில் பானை குலுங்கியது. வாந்தி வந்தால் சீட்டு கெடக் கூடாது என்று விரித்தது காற்றை அடைத்திருக்கிறது. காற்று அடைபட்டதால் ஏசி நின்றிருக்கிறது. ஏசி நின்றதால் வாந்தி வந்திருக்கிறது. அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"சித்தி, வாந்தியவே நீங்கதான் வெத்தல பாக்கு வச்சுக் கூப்ட்ருக்கீக."

அம்மா சிரிக்கிற நிலையில் இல்லை. நான் விரிப்பை முழுவதுமாக உருவி எடுக்கப் போனதும் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாண்டி. விரிப்பில்லாம நான் ஏற மாட்டேன். மொத மொதல்ல சம்பாரிச்சு வாங்குன வண்டி. அதுல நான் வாந்தி எடுத்து வச்சா நல்லாவா இருக்கும்?"

அந்த ஜமுக்காளத்தை அவள் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு கவனமாக ஏன் செருகினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் வாயையோ, வண்டியின் விலையையோ அவள் நினைக்கவில்லை.

"எடுத்தா எடும்மா," என்றேன். "சீட்டுத்தானே. கழுவிக்கிறலாம். பெரியம்மா வீட்டப் பாக்கணுமா வேண்டாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். கையை விட்டாள். நான் இரண்டையும் சுருட்டி டிக்கியில் போட்டேன். வெறும் சீட்டில் அம்மா சம்மணமிட்டு, விளிம்பில், கோயில் பிரகாரத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நிழலில் நின்றோம். மின்விசிறி இரைந்துகொண்டே இருந்தது. போனில் எண் இறங்கத் தொடங்கியது. இறங்கி ஓரிடத்துக்கு வந்ததும் முன்பக்கத்திலிருந்து சில்லென்று காற்று வந்தது. அப்பா பானையை அணைத்துக்கொண்டார். "வந்திருச்சு," என்று மட்டும் சொன்னார். ஏதோ மகப்பேறு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரைப்போல.

அதற்குப் பிறகு வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. அம்மா எதிர்பார்த்து எதிர்பார்த்து ஒவ்வொன்றுக்கும் என் கையை இறுக்கினாள். வளைவு முடிந்ததும் ஒன்றும் ஆகாததைக் கண்டு ஆச்சரியத்தோடு தளர்த்தினாள். பாதி மலையில் கை இறுக்குவதை மறந்துவிட்டாள். கீழே போடி தெரிந்தது. தோப்புகளும் கண்மாயும் வயல்களும் வெயிலில் கிடந்தன. இதுவரை இந்த உயரத்திலிருந்து அவள் பார்த்தது பாலிதீன் பையின் உட்புறத்தை மட்டும்தான். நம் ஊர் எது என்று கேட்டாள். அண்ணன் ஒரு கையால் காட்டினார். இவ்வளவு சின்னதா என்றாள். அடுத்த வளைவில் மறுபடி பார்க்க வேண்டும், மெதுவாகப் போ என்றாள்.

போடிமெட்டில் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஏசி தேவைப்படாத குளிர். மஞ்சும் ஈர மண்ணும் பச்சை ஏலத்தின் வாசமும் உள்ளே வந்தன. பக்கத்தில் ஒரு ஜீப்பு புகை விட்டபடி போனது. நாங்கள் மூன்று பேரும் திரும்பி அம்மாவைப் பார்த்தோம்.

"என்ன, என் மூஞ்சிய என்ன பாக்குறீக? ரோட்டப் பாருங்க," என்றாள்.

பெரியம்மா வாசலில் நின்றாள். நான் மட்டும்தான் பானையோடு வருவேன் என்று முதலில் நினைத்திருந்தாள். தங்கை கிளம்பிவிட்டாள் என்று அண்ணன் கீழேயிருந்து போன் செய்து சொன்னதும் தனக்குத் தெரிந்த எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டாள். படிக்கட்டில் ஒரு வாளித் தண்ணீர், சொம்பு, துண்டு. வாசல் அறையில் பாய் விரித்து, இரண்டு தலையணை, கம்பளி. யாரும் சத்தம் போடக் கூடாது, தங்கச்சி மயங்கி வருவாள் என்று வீடு முழுக்க மிரட்டி வைத்திருந்தாளாம். கார் நின்றதும் கைத்தாங்கலாகப் பிடிக்க இரண்டு பெண்கள் முன்னால் வந்தார்கள்.

அம்மா அப்பாவின் மடியிலிருந்து பானையை வாங்கினாள். முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். ஏந்திக்கொண்டு அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நடந்து, வாளியைச் சுற்றிப்போய், வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போனாள். பெரியம்மா பின்னாலேயே ஓடினாள். ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் உள்ளே போனபோது இருவரும் அடுப்பங்கரையில் இருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அழுது முடித்திருந்தார்கள் போல, கண் சிவந்திருந்தது. ஆனால் அதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. இவ்வளவு பெரிய அடுப்பங்கரை கட்டிவிட்டு அரிசிப் பானையை எவளாவது சன்னலுக்குக் கீழே வைப்பாளா, சாரல் அடிக்காதா என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவள் வந்ததும் வராததுமாக நொட்டை சொல்கிறாள் என்று பெரியம்மா சொன்னாள். சொல்லிக்கொண்டே அரிசிப் பானையை நகர்த்தினாள்.

மத்தியானம் பந்தி. சமையல்காரர்கள் வெளியே பந்தலில் அடுப்பு மூட்டி, மறுநாள் விசேஷத்துக்கு முன்னோட்டம்போல ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் இலை போட்டுச் சோறு விழுந்தது. அம்மாவின் இலைக்கு மட்டும் பெரியம்மா தன் கையாலேயே ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வெள்ளைக் கஞ்சி, ஓரத்தில் சுட்ட அப்பளம், கொஞ்சம் நாரத்தங்காய். மலை ஏறி வந்த வயிற்றுக்காகக் காலையிலேயே காய்ச்சி ஆறவைத்தது.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திரும்பி மற்ற இலைகளைப் பார்த்தாள்.

"ஏக்கா, எல்லாருக்கும் கறிச்சோறு, எனக்கு மட்டும் என்ன கஞ்சி? பொறந்த வீட்டுக்காரிக்கு இதுதான் மரியாதையா?"

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கிண்ணத்தை எடுத்துத் தன் இலைக்கு முன்னால் வைத்துக்கொண்டு, கரண்டியோடு நின்றவரிடம் அம்மாவின் இலையைக் காட்டி, நல்ல எலும்பாப் பார்த்துப் போடப்பா என்றாள். அம்மா மூன்று முறை வாங்கினாள். மூன்றாவது முறை வாங்கும்போது, உப்பு கொஞ்சம் கூடுதல் என்றும் சொன்னாள்.